ஸ்வீடன் கால்பந்தின் முதல் தலைமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடன் அணியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் இப்ராகிமோவிச்சில் தொடங்குவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை, பதினேழு வயது பெலேயிடம் தோற்ற அந்த நாள் வரை, பின்னால் போவார்கள். அதற்கும் முந்தைய ஐம்பது ஆண்டுகளைப் பற்றி நான் எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்வீடன் முதன்முதலாக யாரோடு ஆடியது? ஜெயித்ததா, தோற்றதா?

நார்வேயோடு. 1908 ஜூலை 12, கோதென்பர்க் நகரில். ஸ்வீடன் 11–3 என்று வென்றது. நார்வேக்கும் அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். இரு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் இருந்து 1905-இல்தான் பிரிந்திருந்தன. பிரிந்து மூன்றே ஆண்டுகளில் மைதானத்தில் எதிரெதிரே நின்றார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஆட்டத்தைச் சும்மா ஒரு நட்பு ஆட்டம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: முதல் கோலை அடித்தது நார்வே. மினோட்டி பூன் என்ற நார்வேக்காரர் முதல் நிமிடத்திலேயே பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். ஸ்வீடன் தேசிய அணியின் வரலாறு பின்தங்கிய நிலையில்தான் தொடங்குகிறது.

தலைநகர் ஸ்டாக்ஹோம்தானே? முதல் ஆட்டம் ஏன் கோதென்பர்க்கில்?

ஏனென்றால் கால்பந்து அந்த நாட்டுக்குள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. கோதென்பர்க் மேற்குக் கரைத் துறைமுகம். பிரிட்டனுடன் வணிகம், கப்பல், ஆலை என்று எல்லாத் தொடர்பும் அதற்கு இருந்தது. அங்கிருந்த நெசவாலைகளில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆட்டத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். 1887-இல் தொடங்கிய ஓர்கிரித்தே என்ற சங்கத்தில் அவர்களும் சேர்ந்து ஆடினார்கள். 1892 மே 22 அன்று ஹேதன் திடலில் ஓர்கிரித்தே அணி ‘லிக்கன்ஸ் சோல்தாத்தெர்’ என்ற அணியை 1–0 என்று வென்றது. ஸ்வீடன் சங்கங்கள் இரண்டு தமக்குள் மோதிய முதல் கால்பந்து ஆட்டமாக அதைத்தான் சொல்கிறார்கள். 1896-இல் முதல் தேசிய சாம்பியன் பட்டம் வென்றதும் ஓர்கிரித்தேதான்.

தேசியக் கால்பந்துச் சங்கம் 1904 டிசம்பரில் உருவானது. அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் ஃபிஃபா தொடங்கப்பட்டபோது நிறுவிய ஏழு நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. அப்போது தனிக் கால்பந்துச் சங்கம் இல்லாததால், பந்து விளையாட்டுகளுக்கான பொதுச் சங்கத்தின் பெயரில் சேர்ந்தார்கள்.

ஜூலையில் 11 கோல் அடித்த அணி அக்டோபரில் 12 கோல் வாங்கியது எப்படி?

1908 லண்டன் ஒலிம்பிக்கைத்தான் கேட்கிறீர்கள். அக்டோபர் 20 அன்று கிரேட் பிரிட்டனிடம் ஸ்வீடன் 12–1 என்று தோற்றது. இன்றுவரை ஸ்வீடனின் மிகப் பெரிய தோல்வி அதுதான். எதிரே நின்றவர்கள் சம்பளம் வாங்காத அமெச்சூர்கள்தான். ஆனாலும் விவியன் வுட்வர்ட் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒவ்வொரு வாரமும் மோதிப் பழகியவர்கள். இங்கிலாந்து 1872-லிருந்தே சர்வதேச ஆட்டம் ஆடி வந்த நாடு. ஸ்வீடனுக்கு அது மூன்றாவது சர்வதேச ஆட்டம். நார்வேயும் தன்னைப் போலவே புதிய அணி என்பதால்தான் ஜூலையில் 11 கோல் அடிக்க முடிந்தது.

தோற்ற பிறகும் ஒரு வெண்கலப் பதக்க வாய்ப்பு வந்தது. அரையிறுதியில் டென்மார்க்கிடம் 17–1 என்று தோற்ற பிரான்ஸ் மேற்கொண்டு ஆட மறுத்துவிட, அந்த இடம் ஸ்வீடனுக்குக் கிடைத்தது. நெதர்லாந்திடம் 2–0 என்று அதையும் இழந்தார்கள். திரும்பும் வழியில் நெதர்லாந்துடன் இன்னோர் ஆட்டம், பெல்ஜியத்துடன் ஓர் ஆட்டம். ஒரே வாரத்துக்குள் நான்கு ஆட்டங்கள், நான்கிலும் தோல்வி. ரயிலிலும் கப்பலிலும் அலைந்து, மாற்று வீரர் என்ற ஏற்பாடே இல்லாத காலத்தில் ஆடிய கால்கள் அவை. அந்த 12–1 என்ற எண்ணைக் காட்டி யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

இங்கிலாந்தின் ஆட்டப் பட்டியலில் அந்த 12–1 இல்லையே? அது அதிகாரப்பூர்வ ஆட்டமா இல்லையா?

இரண்டும் சரி. அன்று பிரிட்டன் பெயரில் ஆடியது இங்கிலாந்தின் அமெச்சூர் அணி. இங்கிலாந்துச் சங்கம் தன் முழு அணி ஆடிய ஆட்டங்களை மட்டுமே முதன்மைப் பட்டியலில் வைக்கிறது. அமெச்சூர் ஆட்டங்களுக்குத் தனிக் கணக்கு. ஸ்வீடனுக்கு அமெச்சூர்களைத் தவிர வேறு ஆட்டக்காரர்களே இல்லை. தன்னிடம் இருந்த மிகச் சிறந்த அணியை அனுப்பியதால் அவர்களுக்கு அது முழு சர்வதேச ஆட்டம்.

ஒரே ஆட்டம் ஒரு நாட்டின் கணக்கில் இருந்து மற்றதில் இல்லாமல் போகும் இந்தச் சிக்கல் அக்காலத்தில் வேறு பல அணிகளுக்கும் உண்டு. ஒருவர் இத்தனை ஆட்டம் ஆடினார், இத்தனை கோல் அடித்தார் என்று படிக்கும்போது, அது எந்த நாட்டின் கணக்கு என்று பார்த்துவிடுவது நல்லது.

எல்லாப் பெயரும் ‘சன்’ என்றே முடிகிறதே? ஓல்சன் என்று மூன்று பேர், இதெல்லாம் ஒரே ஆளா?

இல்லை, வெவ்வேறு ஆட்கள்தான். எனக்கும் தொடக்கத்தில் தலை சுற்றியது. 1908-இல் லண்டனுக்குப் போன அணியில் ஸ்வென் ஓல்சன் என்று இரண்டு பேர். ஸ்வீடிஷ் எழுத்தில் ஒருவர் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுதான். போதாததற்கு ஊலோஃப் ஓல்சன் என்று மூன்றாவதாக ஒருவர். பழைய ஆட்ட அறிக்கைகளில் குடும்பப் பெயரை மட்டும் எழுதுவார்கள், சட்டையில் எண்ணும் கிடையாது. கோலை அடித்தது எந்த ஓல்சன் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டிருக்கிறேன்.

காரணம் எளிது. ‘சன்’ என்றால் மகன். ஓலாவின் மகன் ஓல்சன், கார்லின் மகன் கார்ல்சன். பழைய வழக்கப்படி தலைமுறைக்குத் தலைமுறை இது மாறிக்கொண்டே வரும். 1901-இல் வந்த சட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான பெயர் வேண்டும் என்றது. பலர் அப்போது தங்களிடம் இருந்த ‘சன்’ பெயரையே நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்து ஸ்வீடன் ஆட்டக்காரர்கள் பலருக்குப் பட்டப்பெயர் உண்டு. அது செல்லத்துக்காக மட்டும் வைத்ததல்ல, அடையாளத்துக்காகவும்தான்.

இவர்களுக்கெல்லாம் சம்பளம் எவ்வளவு?

ஒன்றும் இல்லை. ஸ்வீடனில் அமெச்சூர் விதி 1967 வரை இருந்தது. ஆலை, பட்டறை, அலுவலகம் என்று வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட வந்தவர்கள் இவர்கள். விதியைச் சும்மா ஏட்டில் மட்டும் வைத்திருக்கவும் இல்லை. ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது தெரியவந்ததும் 1934-இல் மால்மோ அணியை முதல் பிரிவிலிருந்தே இறக்கினார்கள்.

பணம் வேண்டுமென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். போனால் தேசிய அணி இல்லை. 1920 ஒலிம்பிக்கில் ஏழு கோல் அடித்து முதலிடம் பிடித்த ஹெர்பர்ட் கார்ல்சன் பின்னர் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஆடினார். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலகின் சிறந்த கோல் அடிப்பவர்களில் ஒருவருக்குச் சொந்த நாட்டில் கிடைத்தது கைதட்டல் மட்டும்தான்.

அணியை யார் தேர்ந்தெடுத்தார்கள்? பயிற்சியாளர் இருந்தாரா?

தேர்வுக் குழுதான் எல்லாம். பதினொரு பேர் யார் என்று முடிவு செய்வது அந்தக் குழுவின் வேலை. பயிற்சி கொடுக்க ஒருவரை வைத்துக்கொண்டாலும் கடைசிச் சொல் குழுவுடையது. முதல் ஆண்டுகளில் லுட்விக் கோர்னெரூப் அந்தப் பொறுப்பில் இருந்தார். சங்கச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்த அன்டோன் யோஹான்சன் அக்காலத்தின் பெரிய கை. கோதென்பர்க்காரர்கள் ஒரு பக்கம், ஸ்டாக்ஹோம்காரர்கள் ஒரு பக்கம், பிறகு தெற்கே ஹெல்சிங்போரியிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்று குழு இழுபட்டது.

1920-களில் யோசெஃப் நாஜ் என்ற ஹங்கேரிக்காரர் பயிற்சியாளராக வந்தார். அன்று மத்திய ஐரோப்பாவில் பந்தைத் தரையோடு தரையாகக் கடத்தி ஆடும் பாணி வளர்ந்திருந்தது. அடித்துத் தூக்கி ஓடும் ஆட்டத்தில் பழகிய ஸ்வீடன்காரர்களுக்கு அவர் வரவு பெரிய பாடம். அதன் பலன் கீழே 1924-ஐப் பற்றிய பதிலில் தெரியும்.

1912-இல் ஒலிம்பிக் சொந்த ஊரிலேயே நடந்ததே, அப்போதாவது ஜெயித்தார்களா?

இல்லை. நெதர்லாந்திடம் கூடுதல் நேரத்தில் 4–3 என்று தோற்றார்கள். தோற்ற அணிகளுக்கான ஆறுதல் சுற்றில் இத்தாலியிடமும் 1–0 என்று தோல்வி. கார்ல் குஸ்தாஃப்சன், கார்ல் ஆன்சேன் போன்றவர்கள் 1908 லண்டனிலும் ஆடி, இங்கும் வந்து நின்றவர்கள். நான்கே ஆண்டுகளில், முன்பு தங்களை எளிதாக வென்ற நெதர்லாந்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்தது முன்னேற்றம்தான். இருந்தாலும் சொந்த மக்கள் முன் முதல் நாளே வெளியேறியது வலித்திருக்கும்.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 1913-இல் டென்மார்க் ஒரு முறை 8–0 என்றும் இன்னொரு முறை 10–0 என்றும் அடித்து நொறுக்கியது. அண்டை வீட்டுக்காரனிடம் வாங்கும் அடிக்கு வலி அதிகம்.

முதல் உலகப் போர் நடந்தபோது ஆட்டம் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் நடுநிலை நாடுகள். தங்களுக்குள் மாறி மாறி ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பாவின் பெரிய அணிகள் பலவற்றின் ஆட்டக்காரர்கள் போர்முனையில் இருந்த அந்த நான்கு ஆண்டுகளில், ஸ்வீடன்காரர்களுக்கு ஆடிப் பழக வாய்ப்புக் கிடைத்தது. 1916 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் டென்மார்க்கை 4–0 என்று முதல் முறையாக வென்றார்கள். 10–0 வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஸ்வீடன் கால்பந்து வயதுக்கு வந்த நாள் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஸ்டாக்ஹோமில் ஓர் அபூர்வமான விருந்தாளி ஆடியது: அமெரிக்கா. போர்க்காலக் கடலைத் தாண்டி வந்த அந்த அணிக்கு அதுதான் முதல் அதிகாரப்பூர்வ சர்வதேச ஆட்டம். 3–2 என்று அமெரிக்கா வென்றது. அமெரிக்கக் கால்பந்து வரலாற்றை எழுதும் எவரும் ஸ்டாக்ஹோமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1920-இல் ஸ்பெயினோடு நடந்தது ஆட்டமா, சண்டையா?

இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கிரீஸை 9–0 என்று வென்று ஸ்வீடன் அமர்க்களமாகத் தொடங்கியது. அதில் ஐந்து கோல் ஹெர்பர்ட் கார்ல்சனுடையவை. மறுநாளே நெதர்லாந்துடன் அடுத்த ஆட்டம். ஓய்வே இல்லை. மறுபடியும் கூடுதல் நேரம், 5–4 என்று மறுபடியும் தோல்வி. 1908, 1912, 1920 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் வழிமறித்தது ஒரே நாடு.

பிறகு ஆறுதல் சுற்றில் செப்டம்பர் 1 அன்று ஸ்பெயின். அல்பின் தால் அடித்த கோலில் ஸ்வீடன் முன்னிலை பெற்றது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஸ்பெயினுக்கு ஒரு ஃப்ரீ கிக். பெலாவுஸ்தே என்ற பாஸ்க் நாட்டு மலை போன்ற ஆள், “பந்தை எனக்கு அனுப்பு, சபீனோ, நான் இவர்களை நசுக்கிவிடுகிறேன்” என்று சக வீரரிடம் கத்தியதாகச் சொல்வார்கள். பந்து வந்தது. அவர் மார்பில் வாங்கி ஓடினார். தோளிலும் சட்டையிலும் தொங்கிய ஸ்வீடன் தடுப்பாட்டக்காரர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வலைக்குள் போய் விழுந்தார். பந்து, பெலாவுஸ்தே, ஸ்வீடன்காரர்கள், எல்லோரும் உள்ளே. அடுத்த சில நிமிடங்களில் இன்னொரு கோல், 2–1. ஸ்பெயினில் இந்தக் கோலைச் சொல்லித்தான் தங்கள் அணியின் ‘ஆவேசம்’ பிறந்தது என்று பெருமைப்படுகிறார்கள். அந்தக் கோலுக்கு அடியில் கிடந்தவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. அன்று கம்பத்தின் கீழ் நின்ற கோல்கீப்பர் ராபர்ட் சான்டர்.

ஸ்வீடனுக்கு முதல் பதக்கம் எப்போது? யார் யார் ஆடினார்கள்?

1924, பாரிஸ், வெண்கலம். முதல் ஆட்டத்திலேயே எதிரி யார் தெரியுமா? நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் பெல்ஜியம். ஸ்வீடன் 8–1 என்று வென்றது. ருடோல்ஃப் கொக் மூன்று, ஸ்வென் ரிடெல் மூன்று, பிரொம்மெசன் ஒன்று, தூரே கெல்லர் ஒன்று. இதில் ரிடெலும் கெல்லரும் 1905 ஜனவரியில் பிறந்தவர்கள், பத்தொன்பது வயது இளைஞர்கள். அடுத்து எகிப்தை 5–0 என்று வென்றார்கள். அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் அபெக்லன் இரண்டு கோல் அடித்து 2–1 என்று தடுத்துவிட்டார்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வந்தது யார்? நெதர்லாந்துதான், வேறு யார். முதல் ஆட்டம் 1–1. மறுநாள் மறுபடி ஆடினார்கள். ரிடெல் இரண்டு, எவெர்ட் லுண்ட்க்விஸ்ட் ஒன்று. 3–1. பதினாறு ஆண்டுக் கடன் அன்று தீர்ந்தது. ஏ.ஐ.கே. அணியின் பேர் கௌஃபெல்ட், ஹெல்சிங்போரியின் கோல்கீப்பர் சிக்ஃப்ரித் லிண்ட்பெர்க், தடுப்பாட்டக்காரர் ஆக்செல் ஆல்ஃப்ரெட்சன் ஆகியோரையும் நினைவில் வையுங்கள். கோல் அடித்தவர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல.

ரிடெல் 43 ஆட்டத்தில் 49 கோல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் கோல் அடிப்பது சுலபம்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. முதலில் எண்ணைச் சொல்கிறேன்: 1923 முதல் 1932 வரை 43 ஆட்டங்கள், 49 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். இந்தச் சாதனை 82 ஆண்டுகள் நின்றது. 2014 செப்டம்பர் 4 அன்று எஸ்தோனியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து இப்ராகிமோவிச் அதைத் தாண்டினார். அவர் கடைசியில் 62 கோல் அடித்து முடித்தபோது ஆடியிருந்தது 122 ஆட்டங்கள்.

சுலபம் என்பது பாதி உண்மை. அக்காலத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் நார்வே, ஃபின்லாந்து, டென்மார்க் போன்ற அண்டை நாடுகளோடுதான். சில அணிகள் வலுவற்றவை. 1927-இல் லாட்வியாவை ஸ்வீடன் 12–0 என்று வென்றது. அதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் மறுபாதியையும் பாருங்கள். 1925 வரை ஆஃப்சைடு விதி இன்றையதை விடக் கடுமையானது. முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் இரண்டாகக் குறைத்தார்கள். பாரிஸில் ரிடெல் அடித்த ஆறு கோல்களும் பழைய விதியின் கீழ் அடித்தவை. அவற்றில் மூன்று நடப்பு சாம்பியனுக்கு எதிரானவை. மழையில் நனைந்தால் ஈயக் குண்டுபோல் கனக்கும் தோல் பந்து, கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த பூட்ஸ். இதிலே எது சுலபம்?

ஸ்வீடன் ரசிகர்கள் அவரை ‘ட்ரோல்குபென்’ என்றார்கள். அந்நாட்டுக் கதைகளில் வரும் மாயக்காரக் கிழவனைக் குறிக்கும் சொல் அது. ஆண்டுதோறும் மிகச் சிறந்த விளையாட்டுச் சாதனைக்கு வழங்கப்படும் ‘ஸ்வென்ஸ்கா தாக்பிளாதெத்’ நாளிதழின் தங்கப் பதக்கத்தை 1931-இல் பெற்றார். கால்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. தேசிய அணிக்கு அவர் ஆடியது 27 வயதோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டு அந்த 49-ஐ மீண்டும் படியுங்கள்.

ஒரே பருவத்தில் 39 கோல் அடித்தவர் ரிடெல்தானா?

இல்லை, அவர் ஃபிலிப் யோஹான்சன். கோதென்பர்க்கின் ஐ.எஃப்.கே. அணிக்காரர், ‘கறுப்பு ஃபிலிப்’ என்று பொருள்படும் ‘ஸ்வார்த்தெ ஃபிலிப்’ அவருடைய பட்டப்பெயர். மேலே பெயர்களைப் பற்றிச் சொன்னேனே, யோஹான்சன் என்றால் நாடு முழுவதும் கூட்டம்; ஸ்வார்த்தெ ஃபிலிப் என்றால் ஒருவர்தான். ஆல்ஸ்வென்ஸ்கன் எனப்படும் தேசிய லீக் 1924–25-இல் தொடங்கியது. அந்த முதல் பருவத்திலேயே அவர் 39 கோல் அடித்தார். நூறு ஆண்டு கடந்தும் அதை யாரும் தொடவில்லை. ஆனாலும் கோப்பையை வென்றது அதே நகரத்தின் இன்னோர் அணியான காய்ஸ்.

1930 முதல் உலகக் கோப்பைக்கு ஏன் போகவில்லை?

உருகுவே தூரம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்; கப்பலில் போய்வர இரண்டு மாதம் விடுப்பு யார் கொடுப்பார்கள்? ஐரோப்பாவிலிருந்து போனதே நான்கு அணிகள்தான். அந்தக் கோப்பையைத் தங்கள் நாட்டில் நடத்த ஸ்வீடனும் விரும்பியிருந்தது என்பது கூடுதல் செய்தி.

1934-இல் இத்தாலிக்குப் போனார்கள். போலோனியாவில் அர்ஜென்டினாவை 3–2 என்று வென்றார்கள். எல்ஃப்ஸ்போரி அணியின் ஸ்வென் யோனாசன் இரண்டு, க்னூத் க்ரூன் ஒன்று. அர்ஜென்டினா தன் 1930 அணியிலிருந்து ஒருவரைக்கூட அனுப்பாமல் அமெச்சூர்களை அனுப்பியிருந்தது. ஆகவே இந்த வெற்றியை அளவோடு கொண்டாட வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 2–1 என்று தோற்றார்கள். இந்த யோனாசன் ஆல்ஸ்வென்ஸ்கனில் மொத்தம் 254 கோல் அடித்தவர். அந்தச் சாதனையும் இன்றுவரை நிற்கிறது.

ஜப்பானிடம் தோற்றது உண்மையா?

உண்மை. 1936 ஆகஸ்ட் 4, பெர்லின் ஒலிம்பிக். எரிக் பெர்சன் அடித்த இரண்டு கோலோடு இடைவேளையில் ஸ்வீடன் 2–0 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் ஜப்பான் மூன்று கோல் அடித்தது. கடைசிக் கோல் 85-வது நிமிடத்தில். ஒலிம்பிக் கால்பந்தில் ஜப்பானுக்கு அதுதான் முதல் ஆட்டம்.

ஸ்வீடன் மக்கள் அதை வானொலியில் கேட்டார்கள். வர்ணனையாளர் ஸ்வென் யெர்ரிங். ஸ்வீடன் தடுப்பு உடைய உடைய, எங்கே பார்த்தாலும் எதிரணிக்காரர்களே தெரிய, அவர் “ஜப்பானியர்கள், ஜப்பானியர்கள், ஜப்பானியர்கள்” என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தச் சொல் ஸ்வீடிஷ் மொழியிலேயே தங்கிவிட்டது. தோல்வியைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்ட ஒரு தலைமுறையே அங்கு இருந்தது.

1938 உலகக் கோப்பையில் நான்காம் இடம் வந்தது வெறும் அதிர்ஷ்டம் என்கிறார்களே?

அதிர்ஷ்டம் இருந்தது. முதல் சுற்றில் ஆஸ்திரியாவோடு ஆட வேண்டும். அந்த நாட்டை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கிவிட்டதால் ஆடாமலேயே காலிறுதி. அங்கே கியூபா. ருமேனியாவோடு இரண்டு முறை ஆடிக் களைத்து வந்த அணி. ஸ்வீடன் 8–0 என்று வென்றது. குஸ்தாவ் வெட்டெர்ஸ்ட்ரோம் கோல் மழை பொழிந்தார். தூரே கெல்லரும் அடித்தார். ஆமாம், 1924 பதிலில் வந்த அதே கெல்லர், இப்போது 33 வயதில். இருவரும் நோர்ஷோப்பிங் நகரின் ஸ்லைப்னெர் அணிக்காரர்கள்; அந்தப் பருவத்தில் ஆல்ஸ்வென்ஸ்கனை வென்ற அணி அது.

அரையிறுதி ஜூன் 16 அன்று, மன்னர் ஐந்தாம் குஸ்தாவின் 80-வது பிறந்த நாளில். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் ஆர்னே நிபெர்க் ஹங்கேரியின் வலையை அசைத்தார். மன்னருக்கு இதைவிடப் பரிசு கிடைக்காது என்று எண்ணியிருப்பார்கள். பிறகு ஹங்கேரி ஐந்து கோல் அடித்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக 2–0 என்று முன்னிலை பெற்று, 4–2 என்று தோற்றார்கள். கோல் அடிப்பதில் பேர்போன லியோனிதாஸ் இருந்த பிரேசிலை இரண்டு கோல் பின்னுக்குத் தள்ளியதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை.

இதிலெல்லாம் பெண்கள் எங்கே?

தேசிய அணி அளவில் அப்போது இடமே தரப்படவில்லை. ஸ்வீடன் பெண்கள் அணியின் முதல் அதிகாரப்பூர்வ ஆட்டம் 1973-இல், ஃபின்லாந்துக்கு எதிராக, 0–0. பதினோரு ஆண்டுகளில், 1984-இல், ஐரோப்பாவின் முதல் சாம்பியன் ஆனார்கள். பதக்கத்துக்கு ஆண்கள் பதினாறு ஆண்டு எடுத்துக்கொண்டதை மேலே பார்த்தோம். பெண்கள் அணிக்குத் தனித் தொகுப்பே வேண்டும்.

ஆரம்ப காலம் என்று எதுவரை சொல்வீர்கள்? 1948 ஒலிம்பிக் தங்கம் இதில் சேருமா?

நான் 1938-இல் கோடு போடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரென், நோர்டால், லீட்ஹோல்ம் என்று வேறு தலைமுறை வருகிறது. ஆனால் ஆட்கள் வழியாகப் பார்த்தால் கோடு அழிந்துவிடும். 1924-இல் பெல்ஜியத்துக்கு எதிராக மூன்று கோல் அடித்த ருடோல்ஃப் கொக்கை நினைவிருக்கிறதா? பின்னாளில் தேர்வுக் குழுவில் அமர்ந்து 1948 தங்க அணியைத் தேர்ந்தெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர்தான். அவரை எல்லோரும் ‘புட்டே’ கொக் என்பார்கள்.

அந்த ஒலிம்பிக்கும் லண்டனில்தான் நடந்தது. ஆகஸ்ட் 5 அன்று ஸ்வீடன் தென் கொரியாவை எதிர்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் 12–1 என்று தோற்ற நாடு, அன்று 12–0 என்று வென்றது.